குதிகாலுக்கு ஒரு தகடு

போன வாரம் கோலாலம்பூரில் பங்சார் மேட்டில் எங்கள் கார் நின்றுவிட்டது. பழுதாகி நிற்கவில்லை. முன்னால் சிவப்பு விளக்கு, விளக்குக்கு முன்னால் ஊரில் உள்ள கார் அத்தனையும். ஓட்டியவள் என் அக்கா மகள் கமலா. இன்னும் இரண்டொரு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிற டீச்சர். கியர் போடத் தேவையில்லாத புதுக் கார் வாங்கியிருக்கிறாள். அதில் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். மேட்டில் வண்டி நின்றதும் பக்கத்து சீட்டில் இருந்த என் வலது கால் தானாகத் திரும்பியது. விரல்கள் வலப்பக்கம் சாய்ந்து ஊன்றின. குதிகால் மட்டும் இடப்பக்கம் நகர்ந்து எதையோ தேடியது.

"சின்னம்மா, காலை ஆட்டாதீங்க லா. சீட்டே ஆடுது."

"ஆட்டலடி. பிரேக் பிடிச்சிருக்கேன்."

"உங்க பக்கம் ஏது பிரேக்?"

நியாயமான கேள்விதான். டீச்சர் அல்லவா. பதில் சொல்ல ஆரம்பித்தால் விளக்குப் பச்சையாகிவிடும் என்று சும்மா இருந்துவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கு அப்படி அவசரம் ஏதும் இல்லை.

காலாட்டினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்பார்கள். என் அம்மாவுக்கு அது வேதவாக்கு. எனக்கோ உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் நடக்கும். "இவ காலுல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். லட்சுமி தங்காததற்கு என் கால் காரணமா என்று எனக்குத் தெரியாது. அப்பா ரயில்வேயில் இருந்தவர், சீக்கிரம் போய்விட்டார். நானும் அம்மாவும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் கிள்ளானில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்து, கோலாலம்பூரில் ஒரு பிள்ளைப்பேறு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெள்ளைச் சேலை, வெள்ளைச் சப்பாத்து. தெருவில் எல்லோருக்கும் நான் 'மிஸி'.

என் அக்கா மங்களம் காஜாங்கைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தான் அங்கே கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். அக்காவுக்கு முதல் பிரசவ வலி எடுத்த அன்று காலையிலேயே எனக்குச் செய்தி வந்துவிட்டது. நான் பையைத் தூக்கிக்கொண்டு வாடகைக் கார் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். ஒரு டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். இன்னொருவர் செம்மண் ரோட்டுக்கு வரமாட்டேன் என்றார். மூன்றாமவர் வந்தார், ஆனால் வழியில் டயர் மாற்றினார், டீ குடித்தார், தெரிந்தவரைப் பார்த்துக் குசலம் விசாரித்தார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது பிள்ளையைத் துணியில் சுற்றிக் கூடத்தில் வைத்திருந்தார்கள். கால் முதலில் வந்த பிள்ளை. பதற்றத்தில் யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள். அக்கா என்னைப் பார்த்து அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "சாப்டியா?" என்று கேட்டாள். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதனால்தான், எங்கள் நிலையத்தின் துரைசானி டாக்டர் சீமைக்குத் திரும்பும்போது தன் சின்னக் காரை நிலையத்துக்கே விட்டுவிட்டுப் போனதும், லைசன்ஸ் எடுக்கிற மிஸிக்கு அந்தக் கார் என்று சொன்னதும், மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் எழுந்தே நின்றுவிட்டேன். அக்கா அப்போது மறுபடி முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதம். அவளுக்கு வலி எடுப்பதற்குள் என் கையில் லைசன்ஸ் இருக்க வேண்டும். எனக்கு வேறு எண்ணமே இல்லை.

கார் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் மூடியைத் திறந்தால் வெட்டவெளியில் ஒரு ஆள் உட்காரும் டிக்கி சீட்டு. பச்சை நிறம், துணிக் கூரை, மழை வந்தால் உள்ளேயும் வரும். இப்போது போல எண்ணெய் மிதி வலது ஓரத்தில் கிடையாது. இடது பக்கம் கிளட்ச், வலது பக்கம் பிரேக், இரண்டுக்கும் நடுவில் ரூபாய்க் காசு அளவில் ஒரு பித்தளைக் குமிழ். அதுதான் எண்ணெய் மிதி. அந்தக் குமிழை நினைத்தால் பெட்ரோலும் சூடான தோலும் கலந்த ஒரு வாசனை இப்போதும் மூக்கில் ஏறுகிறது. கூடவே கொஞ்சம் சந்தனமும். சந்தனம் ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருக்கோடியில் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்த சூசை அண்ணன். மாதா கோயிலில் முதல் வரிசை, சண்டையிலும் முதல் வரிசை. ஊரில் அவர் கை படாத காரே இல்லை என்பது அவருடைய கட்சி. கல்யாணமாகாத பெண் பக்கத்தில் ஆண்பிள்ளை உட்காரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், என் பக்கத்தில் அம்மா உட்கார்ந்தாள், வாத்தியார் பின்னால் டிக்கி சீட்டில் உட்கார்ந்தார். அங்கேயிருந்து அவர் கத்துவார். காற்றில் பாதி போய்விடும். மீதியை அம்மா எனக்குத் திருப்பிச் சொல்லுவாள், தன் சொந்தக் கருத்தையும் சேர்த்து. "கிளட்ச்சை மெதுவா விடச் சொல்றாரு. எதுக்கு விடணும்? புடிச்சுக்கிட்டே இரு." பிரிக்பீல்ட்ஸ் தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

சமதரையில் ஓட்ட வந்துவிட்டது. மேடுதான் தகராறு. லைசன்ஸ் பரீட்சையில் லேக் கார்டன் மேட்டில் பாதி வழியில் நிறுத்தச் சொல்லுவார்கள். பிறகு பின்னால் உருளாமல் கிளப்பிக்கொண்டு போக வேண்டும். எங்கள் காரில் கை பிரேக் பேருக்குத்தான் இருந்தது. சூசை அண்ணன் எத்தனையோ முறை இறுக்கிப் பார்த்தார். பழையபடி தொளதொளத்துவிடும். புதுசு சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பலுக்கு என் அக்காவின் மாதக்கணக்குத் தெரியுமா?

"மிஸி, கை பிரேக்கை மறந்துருங்க," என்றார் சூசை அண்ணன். "மேட்டுல காலைப் பிரேக்குலேர்ந்து எடுத்து எண்ணெயை மிதிக்கிறதுக்குள்ள வண்டி கீழ போயிரும். ஒரே காலால ரெண்டையும் மிதிக்கணும். விரலு பிரேக்குல, குதிகாலு எண்ணெயில."

அவர் உட்கார்ந்து செய்து காட்டினார். பாதம் வாத்துக் காலாகத் திரும்பியது, கார் மேட்டில் ஆணி அடித்தது போல நின்றது, உறுமியது, ஏறியது. நான் செய்தபோது குதிகால் குமிழை எட்டவில்லை. துரைசானியின் கால் நல்ல நீளம். என் கால் எங்கள் அம்மா வழி, உள்ளங்கையில் அடங்குகிற கால். "குமிழு மேல ஒரு தகடு அடிச்சுக் குடுத்துர்றேன்," என்றார். "உங்க கால் அளவுக்கு, தைச்ச சட்டை மாதிரி."

அளவு எடுப்பது என்று வந்ததும் அவ்வளவு பேசுகிற மனுஷனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அளவு எடுக்க என் பாதத்தைப் பிடிக்க வேண்டும். கல்யாணமாகாத பெண்ணின் பாதத்தை அயல் ஆண் தொடுவதாவது. எங்களில் கால் விரலைத் தொட்டு மெட்டி போடுகிற உரிமை யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். அம்மா வேறு பக்கத்தில் நிற்கிறாள். அவர் வானத்தைப் பார்த்தபடி, "காலு வேணாம் மிஸி, சப்பாத்தை மட்டும் கழட்டி வச்சிட்டுப் போங்க," என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அம்மாவுக்கு மிகவும் சரியாகப் பட்டது. அன்று நான் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன்.

தகடு சுலபத்தில் அமையவில்லை. முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தார், பிறகு இரும்பில். உயரம் கொஞ்சம் கூடினால், வெறுமனே பிரேக் பிடிக்கும்போதே குதிகால் பட்டு என்ஜின் அலறியது. ஒரு பசுமாடு அதைக் கேட்டு வேலி தாண்டியது. உயரம் குறைந்தால் எட்டவில்லை. அவர் அரத்தால் ராவுவார், நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மிதிப்பேன், மறுபடி ராவுவார். கடைசியில் குதிகால் வழுக்காமல் இருக்க விளிம்பைச் சற்று மடக்கிவிட்டதும் அமைந்துவிட்டது. அன்று மாலை கோயில் மேட்டில் நிறுத்தினேன், கிளப்பினேன், நிறுத்தினேன், கிளப்பினேன். டிக்கி சீட்டில் சூசை அண்ணன் கை தட்டினார். எனக்கு அப்போதே காஜாங்குக்குப் போய்விட வேண்டும் போல இருந்தது.

பரீட்சை நாள் காலையில் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தால் காரில் கற்பூர வாசனை. அம்மா காருக்குப் பூஜை போட்டிருந்தாள். விளக்குகளுக்குச் சந்தனம், ஸ்டியரிங்குக்குச் சந்தனம், நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். அதோடு விட்டாளா? குனிந்து உள்ளே கையை விட்டு மூன்று மிதிகளுக்கும் சந்தனமிட்டு, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். புதுத் தகட்டுக்கு மட்டும் பொட்டு கொஞ்சம் பெரிது. "மிதிக்கிற எடம்தாண்டி முக்கியம்," என்றாள்.

நான் உட்கார்ந்தேன். கீழே பார்த்தேன். குங்குமம் என்னைப் பார்த்தது. அதன் மேல் எப்படிச் சப்பாத்துக் காலை வைப்பது? யோசிக்கக்கூட இல்லை. சப்பாத்தைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு, மிதிகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பினேன். உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. சமதரையில் வெறுங்காலால் ஓட்டுவது சுகமாகக்கூட இருந்தது.

பரீட்சை வைத்தவர் ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி. பருமனான ஆள். அவர் ஏறியதும் கார் ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மாவும் சூசை அண்ணனும் மேட்டின் அடியில் நின்றார்கள். பாதி மேட்டில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். விரல்கள் பிரேக்கில். குதிகாலைத் திருப்பினேன். அங்கே ஒன்றுமில்லை. சப்பாத்தின் குதி ஒரு விரல் தடிமன் இருக்கும் அல்லவா? அந்த ஒரு விரல் இப்போது இல்லை. குதிகால் காற்றில் தொங்கியது. எட்டி அழுத்தப் பார்த்தேன், விரல்கள் பிரேக்கிலிருந்து வழுக்கின. சந்தனம் வேறு. கார் பின்னால் உருண்டது. சூசை அண்ணன் "மாதாவே!" என்று அலறியது மேலே வரைக்கும் கேட்டது. அம்மா மட்டும் நகராமல், காரைக் கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்பது போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். நல்லவேளை, அவளுக்கு முன்பே பின் சக்கரம் ஓரத்து லோங்காங்கில் இறங்கிச் சாக்கடை நீரைத் தெறித்துக்கொண்டு நின்றது.

அதிகாரி ஒன்றும் கோபப்படவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, என் வெறுங்காலைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார். "லாகி சக்காலி, மிஸி," என்று மலாயில் சொல்லி இறங்கிப் போனார். இன்னொரு தடவை வா என்று அர்த்தம். ஆனால் அந்த இன்னொரு தடவைக்குத் தேதி உடனே கிடைக்கவில்லை. அக்காவுக்கோ ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது.

அந்த நாட்களில் நான் வீட்டில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. சோற்றுத் தட்டோடு நடந்தேன். தெருவில் ஒரு லோரி சத்தம் கேட்டால் தோட்டத்திலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்று வாசலுக்கு ஓடினேன். துணி சுற்றிய அந்த முதல் பிள்ளை கண்ணை மூடினால் வந்தது. அம்மா காலாட்டாதே என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டாள். அவள் மனசும் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பட்டறையில் பெரிய வழக்கு நடந்தது. சப்பாத்தோடு ஓட்டியிருந்தால் என்ன என்று சூசை அண்ணன். குங்குமத்தை மிதிக்கச் சொல்கிறீர்களா என்று அம்மா. குங்குமத்தை மிதியில் ஏன் வைத்தீர்கள் என்று அவர். பெண்பிள்ளை காலை அளக்க வெட்கப்பட்டது யார் என்று இவள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "நான் இனிமே வெறுங்காலாலதான் ஓட்டுவேன். வெறுங்காலுக்கு அளவு எடுங்க," என்று கத்திவிட்டேன்.

காலைத் தொடாமல் காலை அளப்பது எப்படி? வழி கண்டுபிடித்தவள் அம்மாதான். வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணத்தில் அரிசி மாவைக் கரைத்து எடுத்து வந்தாள். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறைவரை குட்டிப் பாதம் போடுவோமே, அதே மாவு. என் வலது காலை அதில் தோய்த்து, கருப்புத் தகரத்தில் பதிக்கச் சொன்னாள். பாதம் வெள்ளையாக விழுந்தது. குதிகால், நடுவில் வளைவு, ஐந்து விரல். "கண்ணன் உங்க பட்டறைக்கே வந்துட்டான் பாருங்க சூசை," என்றாள் அம்மா. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அந்தத் தகரத்தை எடுத்துப் பிரேக்குக்கு மேலே சாய்த்து வைத்து, மாவுக் குதிகால் எங்கே விழுகிறதோ அங்கே தகட்டைத் தூக்கிக் கட்டினார். ராவ வேண்டியதே இல்லாமல் அமைந்தது. "சப்பாத்து மாறும் மிஸி, காலு மாறாது," என்றார், இதெல்லாம் தன் யோசனை என்கிற மாதிரி.

இரண்டாம் தடவை அதே மேடு, அதே அதிகாரி. உருளவில்லை. அவர் பூட்ஸ் காலை ஊன்றிக்கொண்டு லோங்காங்கைப் பார்த்தபடி தயாராக இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேலே போய் இறங்கியதும் "பாகுஸ்" என்றார். நன்று என்று அர்த்தம்.

தோட்டத்து லோரிக்காரர் நிலையத்துக்கு வந்து "கிராணி சொல்லச் சொன்னாரு, அக்காவுக்கு வலி கண்டிருச்சு" என்றது அதற்குச் சில நாள் கழித்து, மதியம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கூரை ஒழுகியது. அம்மா என் மருந்துப் பையை மடியில் வைத்துக் குடை பிடித்தாள், காருக்குள். காஜாங் தாண்டித் தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் செம்மண் குழம்பு. கடைசி மேட்டில் பாதி ஏறியிருப்போம், எதிரே ஒரு மாட்டு வண்டி விறகோடு குறுக்கே நின்றது. நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தினேன். ஒரு பக்கம் பள்ளம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். நான் முருகனைக் கூப்பிடவில்லை, குதிகாலைத் திருப்பினேன். தகடு அங்கே இருந்தது. மாடு நகர்கிறவரை கார் அந்தச் சேற்றில் அப்படியே நின்றது, என் பாதத்தில் நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். நகர்ந்ததும் ஏறிவிட்டேன்.

இவ்வளவும் செய்து ஓடிப் போய்ப் பார்த்தால் அக்கா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்! "வலி நின்னுபோச்சு. எதுக்கு இந்த மழையில?" என்கிறாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மறுநாள் காலைவரை நான் அந்த வீட்டுக் கூடத்தில் நடந்த நடையில் சிமெண்டுத் தரை தேய்ந்திருக்கும்.

காலையில் வலி மறுபடி வந்தது, இந்த முறை நிஜமாக. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்துப் பிள்ளையின் முதல் அடையாளம் தெரிந்தபோது குனிந்து பார்த்தேன். தலை இல்லை. குதிகால். என் கட்டைவிரல் நுனி அளவு, சிவப்பாக, ஒரு குதிகால்.

கால் முதலில் வருகிற பிள்ளையை இழுக்கக் கூடாது. கிள்ளானில் எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. இழுத்தால் கைகள் மேலே போய்த் தலை சிக்கிக்கொள்ளும். தானாக இறங்கி வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். யாரைக் காத்திருக்கச் சொல்கிறார்கள் பாருங்கள், என்னை. சுற்றி நின்ற பெண்கள் "இழு மிஸி, இழு" என்றார்கள். அக்கா அலறினாள். முதல் பிள்ளையை நான் பார்த்தது இதே வீட்டுக் கூடத்தில்தான். என் உடம்பில் ஒவ்வொரு எலும்பும் இழு என்றது. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி நின்றேன். அசையவில்லை. முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. தோள் தெரிந்த பிறகுதான் கையைக் கொண்டு போனேன். தலை வந்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அழுதாள். அவள்தான் கமலா.

அக்கா திரும்பிப் பார்த்து, "சாப்டியா?" என்றாள். இந்த முறை நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

அந்தப் பச்சைக் கார் ஜப்பான்காரன் காலத்தில் போய்விட்டது. வந்தார்கள், சாவியை வாங்கினார்கள், ஓட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டியவன் பூட்ஸ் காலோடு ஏறினான். தகட்டை மட்டுமாவது கழற்றி வைத்துக்கொண்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. சூசை அண்ணனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. அவர் பட்டறை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. லேக் கார்டன் மேட்டை வெட்டி ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். தோட்டம் வரிசை வரிசையாக வீடுகள் நிற்கிற டாமானாகிவிட்டது, செம்மண் எங்கே இருந்தது என்று எனக்கே காட்டத் தெரியவில்லை. அம்மா போய், அத்தான் போய், அக்காவும் போய்விட்டாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்க இப்போது யாரும் இல்லை.

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இறங்கும்போது எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மேட்டில் இல்லாத பிரேக்கை அத்தனை நேரம் பிடித்திருந்தால் வேறென்ன ஆகும்? காலால் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு போய்விடும் என்பது நம்முடைய நம்பிக்கை. சின்ன வயதில் தோட்டத்தில் எல்லோரும் கமலா முன்னால் வரிசை போட்டுப் படுப்பார்கள். டீச்சரானதும் அவள் அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"கமலா, கொஞ்சம் மிதிச்சு விடேன்."

"இந்த வயசுல உங்களை நான் காலால மிதிக்கிறதா? பாவம் பிடிக்கும் லா சின்னம்மா."

"பிடிக்காது. வா."

பாயில் குப்புறப் படுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே வந்து, என் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது குதிகாலை இடுப்பில் மெதுவாக வைத்தாள். சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக, நல்ல கனமாக இருந்தது.

"போயிருச்சா சின்னம்மா?"

"இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் வச்சிரு," என்றேன். வலி அவள் காலை வைத்ததுமே போய்விட்டிருந்தது.